இந்தியத் தற்காப்பு

திருமுல்கேரியில் எங்கள் அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன், சதுரங்கச் சங்கப் போட்டியில் தோற்றுத் திரும்பினான். கறுப்புக் காய்களைக் கொண்டு ‘கிங்ஸ் இந்தியன்’ என்னும் தற்காப்பை ஆடியிருந்தான். “மாமா, தோற்கிற ஆட்டத்துக்கு நம் நாட்டின் பெயர் எதற்கு?” என்று சலித்துக்கொண்டான்.

கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காணக் கல்கத்தாவுக்குச் செல்ல வேண்டும்.

1848ஆம் ஆண்டளவில், ஜான் கோக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் கல்கத்தாச் சதுரங்கச் சங்கத்தில் நிகரற்றவராக விளங்கினார். நாட்டுப்புறத்தில் தோல்வியே அறியாத பிராமணர் ஒருவர் இருப்பதாகச் சங்க உறுப்பினர் ஒருவர் கேள்வியுற்று, அவரை ஆட்டத்துக்கு அழைத்தார். அவரே மகேஷ் சந்திர பானர்ஜி. பின்னர் கோக்ரேனும் அவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர்.

நம் முன்னோர் ஆடிய நாட்டு முறையில், சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையில் இரண்டு கட்டம் செல்லலாம். அவ்வுரிமை கிடைத்த பின்னும், மகேஷ் சந்திரர் குதிரைக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டமே நகர்த்துவார். அது விட்ட இடத்தில் மந்திரியை நிறுத்தி, மூலைவாட்டில் பலகையின் நடுப்பகுதியைக் குறிவைப்பார். நடுவில் சிப்பாய்களை நாட்டுவதே நெறியெனக் கொண்ட அக்கால ஐரோப்பியருக்கு இது விசித்திரமாகத் தோன்றியது. ‘இந்தியத் தற்காப்பு’ என்னும் பெயர் இவ்வாறு பிறந்ததென்பர்.

1855 மே மாதத்தில் இத்தற்காப்பின் ஒரு வகையை ஆடி, மகேஷ் சந்திரர் கோக்ரேனிடம் தோற்றார். ஆனால் 1922இல், வியன்னாவில் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் அதே வகையை ஆடி, பிற்காலத்தில் உலக வீரரான அலெகைனை வென்றார். இன்று அது குருன்ஃபெல்டின் பெயரால் வழங்குகிறது. ஆட்டம் ஒன்றே, முடிவுதான் வேறு.

இவ்வகைத் தற்காப்புகளின் உட்பொருள் யாது? நடுப்பகுதியை எதிரிக்கு விட்டுக்கொடுப்பது தற்காலிகமே. ராஜாவைக் கோட்டைக்குள் சேர்த்தபின், உரிய வேளையில் ஒரு சிப்பாயை முன்செலுத்தி எதிரியின் நடு அணியைத் தகர்க்க வேண்டும். அவ்வடி விழாவிடில், பொறுமை வெறும் முடக்கமாகிவிடும்.

சிறுவனின் ஆட்டக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். முன்னேற வேண்டிய சிப்பாய் இறுதிவரை நகரவே இல்லை. அதைச் சுட்டிக்காட்டியதும், சற்று நேரம் தாளையே நோக்கியிருந்தான். பின்பு பலகையை விரித்துக் காய்களை அடுக்கலானான். தனக்குக் கறுப்பையே எடுத்துக்கொண்டான்.