ரோஜாச் செடியில் கரும்புள்ளி நோய்

மழைக்காலத்தில் ரோஜா இலைகளில் கரும்புள்ளிகள் தோன்றி, இலைகள் மஞ்சளித்து உதிர்வதுண்டு. இலையிழந்த செடி மெலிந்து, பூவும் குன்றும். இதற்குக் காரணம் ஒருவகைப் பூசணமாகும். இலை சுமார் 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருப்பின் அதன் நுண்வித்துகள் முளைத்து உட்புகும். ஆகையால் மாலையில் இலைமேல் நீர் தெளித்தலாகாது. காலையில் வேரடியில் பாய்ச்சுதலே நலம். உதிர்ந்த இலைகளைத் திரட்டி எரித்துவிடல் வேண்டும்.

மயில்துத்தம் 100 கிராமையும் சுட்ட சுண்ணாம்பு 100 கிராமையும் தனித்தனியே ஐந்தைந்து லிட்டர் நீரில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்புநீரில் ஊற்றிக் கலக்கினால் போர்டோக் கலவை கிடைக்கும். இரும்புப் பாத்திரம் உதவாது. கலவையில் தோய்த்த கத்தியில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க. இன்றேல் இலை கருகும். கலந்த அன்றே தெளித்தல் வேண்டும்.

புள்ளி விழுந்த இலையை இம்மருந்து குணப்படுத்தாது. நல்ல இலையையே காக்கும். ஆதலின் மழைக்கு முன்னரே தெளித்தல் அவசியம்.