முதிரைக் கதிரையும் பச்சை வர்ணமும்

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்கு வரும் மோட்டார்ப் படகில் ஆட்டுக்கிடாயும் கருவாட்டுச் சாக்கும் வருவது புதுமையன்று. சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் அப்படகிலே ஒரு சாய்மனைக் கதிரையும் ஏறிற்று. அதனைக் கொண்டுவந்தவர் நாமே. உடம்பு முழுவதும் பச்சை வர்ணம் பூசப்பெற்று, பிரம்புப் பின்னல் நடுவே கிழிந்து, சாக்கினாற் சுற்றப்பட்டு அது கிடந்தது.

"ஆரின்ரை கதிரை, தம்பி?" என்று பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர் வினவினார். பாட்டனாரின் பெயரைக் கூறினோம். அவர் சாக்கைச் சற்றே விலக்கிப் பார்த்துவிட்டு, "உதுக்குப் பச்சை அடிச்சது ஆர்?" என்று மறுபடியும் கேட்டார். பயணம் ஏறக்குறைய ஒரு மணிநேரம். அவ்வினாவிற்கு விடை கூறாமலே அதனைக் கழித்தோம்.

பச்சை அடித்தவரும் நாமே. தீவகத்தின் பெரும்பகுதி 1990ஆம் ஆண்டில் வெறிச்சோடிற்று. வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் கதவு பூட்டிய வீடுகள் பல நாளடைவில் கதவும் இன்றி, கூரையும் இன்றி நின்றன. எம்மவரும் ஊர்விட்டு ஊர் அலைந்தனர். மாமி ஒருவர் மாத்திரம் நெடுந்தீவை விட்டு அசையவில்லை. பவளக்கல் மதிலுக்குட்பட்ட அந்தப் பழைய வீட்டையும் அதனுள் இருந்த தளபாடங்களையும் காத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், நாம் திரும்பிச் சென்றபோது எமக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: வீடு புதிதாகத் தோன்றவேண்டும். யாழ்ப்பாணத்தில் எனாமல் வர்ணம் நான்கு தகரம் வாங்கினோம். வாங்கு, அலுமாரி, யன்னல், சாய்மனைக் கதிரை என்ற பேதமின்றி இரண்டே நாளில் அனைத்தையும் பச்சையாக்கினோம். மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அதன்பின் அவர் அக்கதிரையில் இருந்ததை நாம் கண்டதில்லை.

காரணம் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. கதிரையின் வலக்கைச் சட்டத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. பாட்டனார் நாள்தோறும் பாக்குவெட்டியை வைத்துவைத்துத் தேய்ந்த பள்ளம் அது. மாமிக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. கையினால் தடவியே பொருள்களை அறிகின்றார். நாம் பூசிய வர்ணமோ அப்பள்ளத்தை நிரப்பி வழவழப்பாக்கிவிட்டது. "தடவினால் அது எங்கடை கதிரை மாதிரி இல்லை, மோனை" என்று அவர் சொன்ன மாலையிலேதான் அதனைப் படகேற்றுவது என்று முடிவு செய்தோம்.

இவ்விடத்தில் கதிரைகளின் வரலாற்றையும் சிறிது கூறுதல் பொருந்தும். கதிரை என்ற சொல்லே போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்தது. மேசை, அலுமாரி, வாங்கு, சாவி ஆகியனவும் அவ்வழி வந்தனவே. திண்ணையிலும் பாயிலும் இருந்து பழகிய எம்மவர்க்குப் பொருளும் பெயரும் ஒரே கப்பலில் வந்திறங்கின போலும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் என்ற பெயர் மட்டும் இன்றும் ஆங்கில வழக்கில் நிலைத்துள்ளது. வட்ட இருக்கையும் ஆறு கால்களும் கொண்ட 'பர்கோமாஸ்டர்' கதிரை அவர்கள் காலத்தது. கொழும்புப் புறக்கோட்டையில் 1982இல் திறக்கப்பெற்ற ஒல்லாந்தர் கால நூதனசாலையில் அக்காலத்துத் தளபாடங்களை நாம் முன்னொருமுறை பார்த்து வியந்ததுண்டு.

எமது கதிரையையும் 'ஒல்லாந்தர் காலத்துக் கதிரை' என்றே வீட்டார் பெருமையாகச் சொல்லி வந்தனர். நாம் அதனை நம்பவில்லை. கால்களை நீட்டி வைப்பதற்கு ஏற்ற நீண்ட கைச்சட்டம் உள்ள இவ்வகைக் கதிரை ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில், தோட்டத்துரைமாரின் விறாந்தைகளில் பரவியதாகும். வயதைக் கூட்டிச் சொல்வதனால் கதிரைக்குச் சிறப்பு வந்துவிடாது.

பிரம்பின் கதை இதனினும் சுவையானது. கீழைநாட்டுப் பிரம்பு வணிகக் கப்பல்கள் வாயிலாக ஐரோப்பாவுக்குச் சென்று, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரத்தில் பெரிய நாகரிகமாயிற்று. பிரம்புக் கதிரை மலிவானது, பாரமற்றது, பூச்சிக்கு இடங்கொடாதது. எனவே கதிரைகளுக்குக் கம்பளித்துணி போர்த்துப் பிழைத்தோர் கலங்கினர். பிரம்புக் கதிரையைத் தடுக்கவேண்டுமென்று பாராளுமன்றத்துக்கே மனுக் கொடுத்தனர். மெத்தைக்கும் பிரம்புக்கும் உள்ள போட்டி அவ்வளவு பழையது. எம் ஊர் வெயிலில் அப்போட்டிக்கு இடமேயில்லை. முதுகுப்புறமாகக் காற்று வரும் ஆசனத்தை விட்டு எவர் மெத்தையை நாடுவார்?

கதிரையை வேலணையில் உள்ள தச்சர் ஒருவரிடம் சேர்த்தோம். அவர் அதனைக் கவிழ்த்து, வர்ணம் படாத அடிப்புறத்தை நகத்தாற் சுரண்டி, முகர்ந்து பார்த்து, "முதிரை" என்றார். வன்னிக் காடுகளில் வளரும் மரம் அது. பொன்னிறமும் பட்டுப்போன்ற மினுக்கமும் உடையது. பனையையன்றிப் பெருமரம் அரிதாகிய தீவிலே ஒருவர் முதிரைக் கதிரை செய்வித்தார் என்றால், அம்மரம் கடல் கடந்தே வந்திருக்கவேண்டும். அதன்மேல் நாம் எனாமல் பூசியிருந்தோம். தச்சர் எம்மைத் திட்டவில்லை. "சனம் செய்யிறதுதான்" என்றார். அது திட்டினும் கடுமையாகப் பட்டது.

பழைய வர்ணத்தை நீக்குவதற்குக் கோஸ்ரிக் சோடாவைப் பயன்படுத்துவோர் உளர். நல்ல மரத்துக்கு அது கூடாது. மரத்தின் நிறத்தைக் கறுப்பித்து, மூட்டுகளில் உள்ள பசையையும் இளக்கிவிடும். வர்ணம் நீக்கும் பசைக் கலவையைத் தடவி, அது கொப்புளித்து எழுந்ததும், மழுங்கிய தகட்டினால் மர இரேகையின் போக்கிலே வழித்தெடுப்பதுதான் முறை. ஒருமுறை வழித்தால் போகாது. எமது கதிரைக்கு மூன்று முறை வேண்டியிருந்தது. பச்சைக்குக் கீழே பழைய காவிநிறப் பூச்சு ஒன்றும் வெளிப்பட்டது. ஆகவே முதற் குற்றவாளி நாம் அல்லேம் என்று சிறிது ஆறுதலடைந்தோம்!

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உள. பழங்காலத்து வர்ணங்களிற் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அமெரிக்கா 1978ஆம் ஆண்டிலேயே வீட்டு வர்ணங்களில் ஈயத்தைத் தடுத்தமைக்குக் காரணம் அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தலே. ஆதலால் பழைய பூச்சை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி எழுப்பலாகாது, நீர் தொட்டுத் தேய்த்து, கழிவைத் தாளிற் சுற்றி அகற்றவேண்டும், பிள்ளைகளை அண்டவிடலாகாது. மற்றது முதிரையைப் பற்றியது. அம்மரத்தூள் சிலருக்குத் தோலிலே கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். எமக்கு அது தெரியாது. அரத்தாள் பிடித்து உற்சாகமாக ஒருநாள் தேய்த்தோம். மறுநாள் முழங்கை வரை சிவந்து தடித்தது. தச்சர் முழுக்கைச் சட்டை அணிந்து, வாயையும் துணியாற் கட்டியிருந்ததைப் பார்த்தும் காரணத்தை நாம் கேளாதிருந்தோம்.

கதிரையைக் கழற்றியபோது கடற்காற்றின் வேலை புலப்பட்டது. யாரோ இடைக்காலத்தில் அடித்த இரும்பாணிகள் துருப்பிடித்து வீங்கி மரத்தைப் பிளந்திருந்தன. சுற்றிலும் கறுப்புக் கறை. தொடக்கத்திற் செய்த தச்சன் ஆணியே வைக்கவில்லை. மரமுளைகளால் இறுக்கியிருந்தான். அந்த மூட்டுகள் இன்னும் உறுதியாகவே இருந்தன. தீவுகளில் ஆணி வேண்டுமாயின் பித்தளைத் திருகாணியே நன்று. கறுப்புக் கறையை ஒக்சாலிக் அமிலக் கரைசல் பெரும்பாலும் நீக்கிற்று. அது நஞ்சாதலின் கையுறை அணிந்து, பின் நல்ல நீராற் கழுவினோம். இறுதியில் வர்ணமும் வார்ணிசும் இன்றி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்து மெழுகினால் மெருகிட்டோம். பாக்குவெட்டிப் பள்ளத்தை மாத்திரம் அரத்தாள் தீண்டவில்லை. அங்கிருந்த பச்சையை ஒரு மூங்கிற் குச்சியின் முனையால் மூன்று நாள் இருந்து சுரண்டினோம்.

பிரம்பு பின்னுவது தனிக் கலை. கொழும்பு கண்டி வீதியிலுள்ள வேவல்தெனியா என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. கீற்றை நீரில் ஊறவைத்து, மினுக்கமான பக்கம் மேலே வரச் சட்டத்துத் துளைகளினூடே இழுக்கவேண்டும். நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு, பின் இருபுறச் சாய்வாக ஒவ்வொன்று. ஆறாவது ஓட்டம் முடியும்போது எண்கோணக் கண்கள் தாமே மலரும். ஐந்தாவது ஓட்டத்தில் ஓரிடத்தில் மேல் கீழ் மாறினாலும் அவ்வரிசை முழுவதையும் அவிழ்க்கவேண்டும். ஈரம் உலர்ந்தபின் பின்னல் மேளம்போல் இறுகிற்று. பிளாஸ்ரிக் கீற்று விலை குறைவு என்று கடையிற் கூறினர். எமக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் வர்ணம் கூடாது என்று நாம் கூறவரவில்லை. வாங்கும் அலுமாரியும் பெட்டிப்பலகையினாலும் வேப்பம்பலகையினாலும் ஆனவை. பல இடங்களில் ஒட்டுப்போட்டவை. அவற்றுக்கு வர்ணமே அழகு, வர்ணமே காப்பு. முன்பு நாம் செய்த பிழை பூசியது அன்று, பூசிய விதமே. உப்புப் படிந்த மரத்தைக் கழுவாமற் பூசினால் உப்பு ஈரத்தை இழுத்து, பூச்சு செதிள் செதிளாக உரியும். சவர்க்கார நீராற் கழுவி, நாலைந்து நாள் நிழலில் உலர்த்தி, தேய்த்து, வெடிப்புகளை மக்கினால் அடைத்து, அடிப்பூச்சிட்டு, அதன்மேல் மெல்லியதாக இரண்டு பூச்சுக் கொடுக்கவேண்டும். தடித்த ஒரு பூச்சு அதற்கு ஈடாகாது. வாடைக்கால மழையிலும் சோளகம் மண்ணை வாரி வீசும் மாதங்களிலும் தூரிகையைத் தொடாதிருத்தல் நலம். பங்குனி சித்திரையே உகந்த காலம்.

அயலில் ஒரு வீட்டார் பழைய பெட்டகத்தைக் கொடுத்துப் பிளாஸ்ரிக் கதிரைகள் நான்கு பெற்றனர் என்று கேள்வியுற்றோம். அவர்களைக் குறைகூற மாட்டோம். பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட வீட்டில், இரண்டு பேராலும் நகர்த்த முடியாத பெட்டகத்தை வைத்துக்கொண்டு முதியவர்கள் என் செய்வர்?

மெத்தையிட்ட நீள்கதிரை ஒன்றும் மாமி வீட்டில் இருந்தது. அதன் ஸ்பொஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. அதனை அகற்றி, சணற்பட்டிகளை இறுக இழுத்துப் பின்னி, மேலே சாக்கு விரித்து, தும்பு பரப்பி, அதன்மேல் இலவம்பஞ்சு இட்டு, கைத்தறித் துணி போர்த்தோம். துணி இழுப்பதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் இழுக்க, மற்றவர் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஆணி அடிக்க. எம் இல்லாள் இழுத்தார், நாம் அடித்தோம். முதலிற் கோணியதற்கு யார் காரணம் என்பது இன்றும் தீராத வழக்கு.

சித்திரை பிறந்து சில நாளில் கதிரையை மீண்டும் படகேற்றினோம். விறாந்தையில் பழைய இடத்திலேயே வைத்தோம். மாமி மெல்ல வந்து இருந்தார். சாய்ந்தார். வலக்கை சட்டத்தின் மேல் ஊர்ந்து சென்று ஓரிடத்தில் நின்றது. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பின்னர், வாங்கையும் இதுபோலச் சுரண்டி விடுவோமோ என்று ஐயுற்றவர் போல, "வாங்குக்கு அந்தப் பச்சை நல்லாத்தான் இருந்ததாம். அதை மாத்திப் போடாதேங்கோ" என்றார்.

வாங்குக்குப் பச்சையே பூசினோம்.