நான்கு நிமிடச் சறுக்கல்: பினாங்கில் ஒரு கிலோமீட்டர் தாண்டும் வாட்டர் ஸ்லைடு

வாட்டர் பார்க் என்றால் எப்படி என்று நமக்குத் தெரியும்தானே? அரை மணி நேரம் வரிசையில் நின்று, பத்து விநாடியில் ‘தொப்’பென்று தண்ணீரில் விழுந்து, உடனே “அப்பா, இன்னொரு வாட்டி!”

மலேசியாவின் பினாங்குத் தீவில், தெலுக் பஹாங் என்ற ஊரில் இருக்கும் எஸ்கேப் பூங்காவில் கணக்கே வேறு. அங்குள்ள சறுக்கின் நீளம் 1,111 மீட்டர். உலகிலேயே நீளமான டியூப் சறுக்கு என்று 2019-ல் கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறியது. கீழே வந்து சேர ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகிறது.

மலை எதற்கு?

சாஃப்ட்வேர் ஆள் என்பதால் கை தானாகக் கால்குலேட்டருக்குப் போனது. 1,111 மீட்டரை 240 விநாடியால் வகுத்தால் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். நிதானமான சைக்கிள் வேகம்தான். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்று வைத்தாலே, இவ்வளவு நீளத்துக்கு 111 மீட்டர் உயரம் வேண்டும். அது முப்பது மாடிக்கு மேல்! அவ்வளவு பெரிய கோபுரம் கட்டினால் கட்டுப்படியாகுமா? குன்று இருந்தால் அந்த வேலை மிச்சம். அதனால்தான் இந்தச் சறுக்கு மலைமேல் தொடங்கி, காட்டு மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிறது. வளைவுகள் வேடிக்கைக்கு மட்டுமல்ல, வேகம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வதும் அவைதான்.

“நடுவுல எப்படி நிறுத்துறது?”

மேலே போனதும் என் ஒன்பது வயது மகள் கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்வி. மேலேயிருந்து பார்த்தால் சறுக்கின் முடிவு தெரியாது, காடுதான் தெரியும். ஒரு டியூபில் ஒருவர்தான். மடியில் உட்கார வைத்துக் கூட்டிப் போக முடியாது.

இந்த மாதிரி நேரத்தில் நம் வாயில் முதலில் வருவது “ஒண்ணும் ஆகாது, பயப்படாதே!” என் மனைவி அப்படிச் சொல்லவில்லை. “நிறுத்த முடியாதும்மா. ஆனா சைக்கிள் வேகம்தான். 240 வரைக்கும் எண்ணு, கீழே நான் நிப்பேன். வேண்டாம்னா இப்பவே சொல்லு, சேர்ந்து இறங்கிடலாம்” என்றாள்.

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “நீங்க முன்னாடி போங்க. அப்பா எனக்குப் பின்னாடி வரட்டும்.”

அப்படியே போனோம். முதல் நிமிடம் என்னால் எதையும் ரசிக்க முடியவில்லை. எனக்கு முன்னால் எங்கோ அவள் போகிறாள். ஆளும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. பிறகுதான் தலைக்கு மேலே ஓடும் கிளைகளும், இடையில் வந்து போகும் வெயிலும் கண்ணில் பட்டன.

கீழே அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் சொன்னது: “பயமா இருந்தப்போ எண்ண ஆரம்பிச்சேன்பா. அறுபதுலயே பயம் போயிடுச்சு. அப்புறம் எண்ணவே இல்ல.”

பயத்தை நாம் எடுத்துவிட முடியாது. அது எவ்வளவு நேரம் இருக்கும் என்று உண்மையைச் சொல்லலாம். முடிவைப் பிள்ளையிடம் விடலாம். நீச்சல் வகுப்புக்கும் புதுப் பள்ளிக்கும்கூட இது பொருந்தும்.

போகும் முன்

• உயரம், எடை, வயது விதிகளைப் பூங்காவின் இணையதளத்தில் முன்கூட்டியே பாருங்கள். வாசலில் பிள்ளை அழுவதைத் தவிர்க்கலாம்.
• நீச்சல் உடை கட்டாயம் கொண்டு போங்கள். கண்ணாடி, நகை, போனை லாக்கரில் வைத்துவிடுங்கள்.
• டியூபின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளப் பிள்ளைக்கு முதலிலேயே பழக்குங்கள்.
• காலையிலேயே போங்கள். வெயிலும் வரிசையும் குறைவு.
• மறுநாளை ஜார்ஜ் டவுனுக்கு வையுங்கள். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, தண்ணீர்மலையில் முருகன் கோயில். அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். இறங்கச் சறுக்கு கிடையாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்!