பெட்டியைக் கட்டு, போரா!

வேலையில் சேர்ந்த ஆறே மாசத்தில் டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தால் நாம் என்ன செய்வோம்? யூனியன் தலைவரைப் பிடிப்போம், மெடிக்கல் சர்டிஃபிகேட்டுக்கு அலைவோம். போரா மிலுட்டினோவிச் என்கிற செர்பியக்காரர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்!

1986 மெக்ஸிகோ, 1990 கோஸ்டா ரிகா, 1994 அமெரிக்கா, 1998 நைஜீரியா, 2002 சீனா. வரிசையாக ஐந்து உலகக் கோப்பைகள். ஐந்து நாடுகளுக்கு கோச். சீனாவைத் தவிர மற்ற நாலு டீமும் முதல் ரவுண்டைத் தாண்டின!

பிறந்தது 1944-ல். அப்பாவை யுத்தம் கொண்டுபோனது, அம்மாவைக் காசநோய். வளர்த்தது சொந்தக்காரப் பெண்மணி. அண்ணன்கள் மிலோஷ், மிலோராட், கடைக்குட்டி போரா என மூன்று பேருமே பெல்கிரேடின் பார்ட்டிசான் கிளப்புக்கு ஆடினார்கள். மிலோஷ் 1954, 1958 உலகக் கோப்பைகளில் ஆடிய ஸ்டார். தம்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிரான்சில் சில கிளப்புகள், அப்புறம் மெக்ஸிகோவின் பூமாஸ். அங்கேயே கோச் ஆனார், மெக்ஸிகோ மாப்பிள்ளையும் ஆனார்.

1986-ல் மெக்ஸிகோவைக் கால் இறுதி வரை கொண்டுபோனார். மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில்தான் தோற்றது.

ஆனால் அசல் ரகளை 1990-ல். கோஸ்டா ரிகாவுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை. போரா பொறுப்பேற்றபோது மிச்சமிருந்தது சுமார் மூன்றே மாசம்! பரீட்சைக்கு முந்தின நாள் புஸ்தகம் வாங்கின கதைதான். ஆனால் ஸ்காட்லாந்து அவுட், 1-0! டூரின் நகரில் பிரேசிலோடு மேட்ச். பையன்கள் கறுப்பு வெள்ளைப் பட்டை சட்டையில் வந்து நின்றார்கள். உள்ளூர் யுவென்டஸ் கிளப்பின் கலர்! கைதட்டல் யாருக்குக் கிடைக்கும் என்று தெரிந்த மனுஷன். பிரேசிலால் ஒரே ஒரு கோல்தான் அடிக்க முடிந்தது. அடுத்து ஸ்வீடனை 2-1 என்று ஜெயித்து, இரண்டாவது ரவுண்ட்.

இவ்வளவு செய்தவருக்கு எங்கேயாவது நிரந்தர நாற்காலி கிடைத்ததா? ம்ஹூம்! 1994-ல் கொலம்பியாவையே மண்ணைக் கவ்வ வைத்த அமெரிக்கா, மறு வருஷம் நிர்வாக வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. ஃபைல் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை. குட்பை. திரும்ப மெக்ஸிகோ. 1997-ல் தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. ஆனால் டிரா, டிரா என்று ரசிகர்கள் கடுப்பாகிவிட்டார்கள். டிக்கெட் வாங்கிக் கொடுத்தவரை ரயில் கிளம்புமுன் இறக்கிவிட்டார்கள்! (இந்த இடத்தில் சில வாசகர்களுக்குத் தங்கள் மேனேஜர் முகம் ஞாபகம் வந்தால் நாம் பொறுப்பல்ல.) உடனே நைஜீரியா கூப்பிட்டது. 1998-ல் ஸ்பெயினை 3-2 என்று கவிழ்த்தார்.

அப்புறம் சீனா. அத்தனை கோடி ஜனங்கள், அதுவரை ஒரு உலகக் கோப்பைகூட ஆடியதில்லை. போரா 2002-ல் கூட்டிப்போனார். முதல் மேட்ச் யாரோடு? கோஸ்டா ரிகா! எதிர்ப்பக்க பெஞ்சில் கோச்சாக அலெக்ஸாண்ட்ரே கிமராயஸ். 1990-ல் இதே போராவின் டீமில் ஆடியவர். சிஷ்யன் ஜெயித்தார், 2-0. பிரேசில் நாலு, துருக்கி மூன்று போட, சீனா ஒரு கோல்கூட அடிக்காமல் ஊர் திரும்பியது.

ஆனால் 2006 முதல் 2026 வரை சீனா ஆறு முறை முட்டிப் பார்த்தும் உலகக் கோப்பைக் கதவு திறக்கவில்லை. போரா போட்ட அந்த ஒற்றைச் சாவிதான் இன்றுவரை!