கட்டியின் குணம் அளவில் இல்லை

கழுத்திலோ முதுகிலோ ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் எவ்வளவு பெரிது, அழுத்தினால் வலிக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். இரண்டையும் நம்ப முடியாது. கர்ப்பப்பையில் பல கிலோ எடைக்கு வளர்ந்த ஃபைப்ராய்டு சாதாரணக் கட்டியாகவே இருக்கலாம். மார்பில் பட்டாணி அளவே உள்ள, வலியே இல்லாத கட்டி புற்றுநோயாக இருக்கலாம்.

நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் தேடுவது வேறு. சாதாரணக் கட்டியின் செல்கள் எவ்வளவு பெருகினாலும் பிறந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. பார்ப்பதற்கும் தாய்த் திசுவின் சாயலிலேயே இருக்கும். புற்றுச் செல்களிலோ உட்கரு பருத்து, அடர்ந்து, ஆளுக்கொரு வடிவமாகக் கிடக்கும். குடல், பால் நாளம் போன்றவற்றின் உட்பரப்புச் செல்களுக்கு அடியில் அடிப்படலம் என்ற மெல்லிய தடுப்பு உண்டு. அதை நொதிகளால் கரைத்துக்கொண்டு செல்கள் இறங்கிவிட்டால், பிறகு ரத்த நாளமும் நிணநாளமும் அவற்றுக்குப் பாதை.

அந்தப் பாதையில் போகிற செல்கள் எல்லா இடத்திலும் தங்கிவிடுவதில்லை என்பதுதான் வியப்பு. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்துவிட்டு 1889இல் ஒரு கேள்வி எழுப்பினார். கல்லீரலுக்கும் ரத்தம் போகிறது, மண்ணீரலுக்கும் போகிறது. புற்று மட்டும் ஏன் கல்லீரலில் அதிகமாகவும் மண்ணீரலில் அரிதாகவும் காணப்படுகிறது? விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் தந்த பதில். ஆய்வாளர்கள் இன்றும் அதைக் கைவிடவில்லை.

சாதாரணக் கட்டி என்றாலே ஆபத்தில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் சாதாரண வகைதான். ஆனால் மண்டையோட்டுக்குள் விரிய இடம் ஏது? மூளையை அழுத்தி வலிப்பையும் பார்வைக் குறைவையும் அது கொண்டுவரும். பெருங்குடலில் தோன்றும் அடினோமா என்ற சதை வளர்ச்சி, பத்தாண்டு போலக் காலம் எடுத்துக்கொண்டு புற்றாக மாறக்கூடும். அதனால்தான் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் கண்ணில் பட்டதுமே வெட்டி எடுக்கிறார்கள். இதற்கு நேர்மாறு, தோலில் வரும் பேசல் செல் கார்சினோமா: பெயரளவில் புற்றுநோய், வேறு உறுப்புக்குப் பரவுவதோ மிக அரிது.

'ஊசி குத்தினால் பரவிவிடும்' என்று பயந்து, திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். முறையாகச் செய்தால் அப்படிப் பரவும் வாய்ப்பு மிகச் சொற்பம். தாமதத்தால் வரும் கேடுதான் பெரிது. எந்தக் கட்டியை ஊசி குத்திச் சோதிக்கலாம், எதை முழுதாக எடுத்தே சோதிக்க வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியும். புதிதாக வந்த கட்டி சில வாரங்களில் கரையவில்லையா? வலிக்கட்டும் என்று காத்திராமல் போய்க் காட்டுங்கள்.