கிணற்றில் மட்டம் சரி, தண்ணீர் யாருடையது?

மே மாதம் முடியப்போகிறது. பருவமழைக்கு முந்தைய நிலத்தடி நீர்மட்ட அளவீட்டை இந்த மாதத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதால், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஆட்களும் மாநில நீர்வளத் துறையின் ஆட்களும் டேப்பும் கையுமாகக் கிணறு கிணறாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வந்து போன தூத்துக்குடி மாவட்டத்து ஊர்களிலிருந்து நம் மேசைக்குக் கடிதங்கள் வருகின்றன. உடன்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதுகிறார்: “போன வருஷத்தைவிடத் தண்ணீர் அரை அடி மேலே நிற்கிறது என்று அளந்தவர் சொன்னார். அதையே வாழைக்குப் பாய்ச்சினால் இலை ஓரம் கருகுகிறது. யார் சொல்வது பொய், டேப்பா வாழையா?” காயல்பட்டினத்திலிருந்து ஒரு வரிக் கடிதம்: “‘பாதுகாப்பானது’ என்று எங்கள் பகுதியைப் போட்டால், குடிக்கலாம் என்று அர்த்தமா?”

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: இல்லை. முதல் கேள்விக்குச் சற்று விளக்கம் தேவை. டேப்பும் பொய் சொல்லவில்லை, வாழையும் பொய் சொல்லவில்லை. டேப்புக்கு உப்புக் கரிக்காது, அவ்வளவுதான்.

டேப் எழுதும் எண்

அளப்பதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு தோட்டக் கிணறு. வந்தவர் இரும்பு டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்க்கிறார். கைப்பிடிச் சுவரில் பெயின்டால் குறி போட்ட இடத்தில், முழு எண் ஒன்று நேராக வரும்வரை டேப்பை இறக்குகிறார். தூக்கிப் பார்த்தால் சாக்பீஸ் நனைந்த இடம் கறுத்துத் தெரிகிறது. நனைந்த நீளத்தைக் கழிக்கிறார், கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் கழிக்கிறார். நோட்டில் ஏறுவது: தரைக்குக் கீழே இத்தனை மீட்டர். ஐந்து நிமிஷ வேலை. மோட்டாரை எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள் என்று கேட்டால் அவர் நல்ல ஆள்.

வாரியத்தின் கணக்கில் ‘கண்காணிப்புக் கிணறு’ என்பது வருஷத்தில் நான்கு முறை எட்டிப்பார்க்கப்படும் கிணறு: ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். மாநிலத் துறை தன் கிணறுகளை மாதந்தோறும் பார்க்கிறது. ஆனால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புவது பெரும்பாலும் வருஷத்துக்கு ஓரிரு முறைதான். இதில் நவம்பர் அளவீடு தேசிய நாட்காட்டிக்கு ‘மழைக்குப் பிந்தையது’. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் தூத்துக்குடிக்கு அப்போதுதான் மழையே சூடு பிடித்திருக்கும்.

தானியங்கிக் கருவி பொருத்திய பீசோமீட்டர்களும் (மட்டம் அளக்கவென்றே போட்ட குழாய்க் கிணறுகள்) இருக்கின்றன. அறிக்கைகளில் ‘நிகழ்நேரக் கண்காணிப்பு’ என்று வருவது இதைத்தான். எதை நிகழ்நேரத்தில் கண்காணிக்கிறார்கள்? மட்டத்தை. கருவியின் பெயரே நீர்மட்டப் பதிவுக் கருவி. உப்பை அளக்க வேண்டுமானால் வேறு சென்சார் சேர்க்க வேண்டும்.

1க்கு 40

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஊன்றிப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

கடல் நீர் நல்ல தண்ணீரைவிடக் கனமானது. வித்தியாசம் 100க்கு இரண்டரை. 40 மீட்டர் உயரக் கடல் நீர் தரும் அழுத்தத்தை நல்ல தண்ணீர் தருவதற்கு 41 மீட்டர் தேவை. ஆகவே கரையோர மண்ணுக்குள் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம்வரை கடலைத் தள்ளி வைத்திருக்கும். 1880களின் கடைசியில் பாடோன் கைபென் என்ற டச்சு ராணுவப் பொறியாளரும், 1901இல் வடகடல் தீவு ஒன்றில் கிணறு தோண்டிய ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்ட கணக்கு இது. இருவர் பெயரும் சேர்ந்தே பாடப் புத்தகத்தில் நிற்கிறது.

கணக்கு அழகானது. அதைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். ஒரு மீட்டர் நின்ற இடத்தில் அரை மீட்டர்தான் நிற்கிறது என்றால், 40 மீட்டர் ஆழத்தில் கிடந்த உப்பு நீர் காலப்போக்கில் 20 மீட்டருக்கு ஏறி வரும். மேலே இழந்தது முழங்கால் உயரம். கீழே இழந்தது ஆறு மாடிக் கட்டட உயரம்.

இனி அரசு அறிக்கையைப் பாருங்கள். நீர்மட்ட ஏற்ற இறக்கத்தை வாரியம் 0–2 மீட்டர், 2–4 மீட்டர், 4 மீட்டருக்கு மேல் என்று வகை பிரிக்கிறது. மேலே சொன்ன அரை மீட்டர் சரிவு முதல் வகையில் விழும். உள்நாட்டுக் கிணற்றுக்கு அது பொருட்படுத்த வேண்டாத மாற்றம்தான். கரையோரத்தில் ஒரு கிணற்றின் வாழ்வும் சாவும் அந்த 0–2க்குள்ளேயே முடிந்துவிடும்.

இன்னொரு வகைப்பாடு தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்பது: 0–2, 2–5, 5–10 என்று போகும். குறைந்த ஆழம் என்றால் நல்ல நிலை என்று வாசிப்பது வழக்கம். கோவில்பட்டிப் பக்கத்துக் கிணறு ஒன்றில் தண்ணீர் 8 மீட்டர் ஆழத்திலும், கடற்கரைக் கிணறு ஒன்றில் 4 மீட்டர் ஆழத்திலும் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் கடற்கரைக் கிணறு தேவலாம் என்று தெரியும். அந்தக் கிணறு இருக்கும் தரை கடல் மட்டத்திலிருந்து 3.7 மீட்டர்தான் உயரம் என்றால்? தண்ணீர் கடல் மட்டத்துக்குக் கீழே 30 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. கடலை எதிர்த்துத் தள்ள அங்கே எதுவும் மிச்சமில்லை. கோவில்பட்டிக் கிணற்றில் தண்ணீர் குறைவு. இங்கே தண்ணீர் கைமாறிக்கொண்டிருக்கிறது.

உடன்குடி வாசகரின் புதிருக்கு விடை இதிலேயே இருக்கிறது. உள்நாட்டில் அளவு மீறி இறைத்தால் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். டேப் அதைக் காட்டிக்கொடுக்கும். கடலோரத்தில் நாம் இறைக்கும் இடத்தைக் கடல் வந்து நிரப்பிவிடும். மட்டம் ஓரளவுக்கு மேல் இறங்காது. அறிக்கையில் ‘குறிப்பிடத்தக்க சரிவு இல்லை’ என்று வரும். அது உண்மையும்கூட.

ஒரு எச்சரிக்கை. 40 என்பது அமைதியாக நிற்கும் தண்ணீருக்கான கணக்கு. மண்ணுக்குள் எல்லைக் கோடு கத்தியால் வெட்டியது போல இருக்காது. இரண்டும் கலந்த பட்டை ஒன்று இருக்கும். தூத்துக்குடிக் கரையில் மணலும் மணற்கல்லும் களிமண்ணும் மாறி மாறி வரும். உள்ளே போனால் கெட்டிப் பாறை. அங்கே விரிசல் எப்படி ஓடுகிறதோ அப்படித்தான் உப்பும் ஓடும். மாற்றம் நடக்க வருஷங்கள் ஆகலாம். தாமதம் இருக்கிறது என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது.

கணக்கிலிருந்து நழுவும் பகுதி

இப்போது ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு பகுதியில் வருஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், எவ்வளவு எடுக்கிறோம் என்பதன் சதவீதம்தான் இந்தத் தரவரிசை. 70 வரை பாதுகாப்பானது. 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு. எடுக்கும் தண்ணீர் என்பது பெரும்பாலும் கிணறுகளின் எண்ணிக்கை, மோட்டார் ஓடும் நேரம் ஆகியவற்றை வைத்துப் போடும் மதிப்பு.

இதில் ஓட்டை எங்கே? ஒரு ஊரில் 100 கிணறு இருந்து 40 கிணறு உப்பாகிப்போய்ச் சம்சாரிகள் மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள் என்றால், எடுக்கும் அளவு குறைகிறது. சதவீதம் இறங்குகிறது. காகிதத்தில் நிலைமை முன்னேறிவிடும். பகுதி முழுக்கவே கெட்டுப்போனால் அதற்கு இந்தத் தரவரிசையே கிடையாது. ‘உவர்’ என்று தனிப் பட்டியலுக்குப் போய்விடும். 2020 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1166 பிர்காக்களில் 435 அதிநுகர்வு, 34 உவர். அதிநுகர்வுப் பட்டியல் சுருங்கும்போதெல்லாம் அதிகாரிகள் மழைநீர் சேகரிப்புக்கும் தடுப்பணைக்கும் நன்றி சொல்கிறார்கள். சில இடங்களில் அது நியாயமாகவே இருக்கலாம். கைவிடப்பட்ட கிணறுகளின் எண்ணிக்கையையும் அதே பக்கத்தில் அச்சிட்டால் நம்புவதற்கு வசதியாக இருக்கும்.

உப்பு யார் போட்டது?

“கடல் வரவில்லை, உப்பளத்து உப்புதான் இறங்குகிறது” என்று ஒரு தரப்பு. “உப்பளம் காலங்காலமாக இருக்கிறது, போர் போட்டவர்கள்தான் காரணம்” என்று இன்னொரு தரப்பு. இந்தக் கரையில் இரண்டுக்கும் இடமுண்டு. தூத்துக்குடி உப்பளங்கள் கடல் நீரை மட்டும் நம்பியிருப்பவை அல்ல. போர் போட்டு நிலத்தடி உவர் நீரை எடுத்தும் பாத்தி கட்டுகிறார்கள். ஆக ஒரே மண்ணில் ஒருவர் நல்ல தண்ணீர் வேண்டும் என்று போர் போடுகிறார், பக்கத்திலேயே இன்னொருவர் உப்புத் தண்ணீர் வேண்டும் என்று போர் போடுகிறார். இருவர் மோட்டாரும் மண்ணுக்குள் அழுத்தத்தைக் குறைக்கின்றன.

இதோடு தாமிரபரணியையும் சேர்த்துப் பாருங்கள். ஆற்றின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகால், தென்கால் வழியாகக் கடம்பாகுளம், ஆத்தூர் குளம், கோரம்பள்ளம் குளம் வரை போகும் தண்ணீர் பயிருக்கு மட்டும் போகவில்லை. கடலோர மண்ணில் நல்ல தண்ணீரின் உயரத்தைப் பிடித்து நிறுத்தியதும் அதுதான். அதே அணைக்கட்டிலிருந்து தொழிற்சாலைகளுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுபோன ‘20 எம்ஜிடி’ (நாளுக்கு 20 மில்லியன் காலன்) திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை ஏக்கர் காய்ந்தது என்று கேட்கிறார்கள். குளம் நிரம்பாத வருஷங்களில் கீழே எத்தனை மீட்டர் உப்பு ஏறியது என்ற கேள்வியும் அதோடு சேர வேண்டியது. புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலைக்கு அந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

யார் உப்பு என்பதைப் பரிசோதனையில் பிரித்துப் பார்க்க முடியும். கடல் நீரில் குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்றே. உப்பு விளைந்து மிஞ்சிய கைப்பு நீரில் அந்த விகிதம் மாறிவிடும். ஆய்வகச் செலவு பெரிதல்ல. செய்து முடிவை வெளியிட்டால் உள்ளூர்ச் சண்டையில் பாதி ஓயும்.

எதைக் கேட்டு வாங்க வேண்டும்

மூன்று எண்கள் போதும். ஒன்று, தரைக்குக் கீழே எத்தனை மீட்டர் என்பதோடு கடல் மட்டத்துக்கு மேலே எத்தனை மீட்டர் என்பது. கிணற்று விளிம்பின் உயரத்தை ஒரு முறை சர்வே செய்தால் ஆயுசுக்கும் கழித்துக்கொள்ளலாம். இரண்டு, மின்கடத்துத்திறன். நல்ல தண்ணீரில் சில நூறு மைக்ரோசீமென்ஸ் காட்டும் கருவி கடல் நீரில் 50,000ஐத் தொடும். கருவியை மேலாக நனைத்து எடுத்தால் பிரயோஜனமில்லை. பீசோமீட்டருக்குள் ஆழம் ஆழமாக இறக்கிப் பார்த்தால்தான் உப்பு எந்த ஆழத்தில் காத்திருக்கிறது என்று தெரியும். மூன்று, குளோரைடு. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம். 20 குடத்தில் ஒரு குடம் கடல் நீராக இருந்தால் 1000ஐ நெருங்கிவிடும். வேறு வழியே இல்லாத இடத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அனுமதிக்கும் மேல் வரம்பு அது. ஏற்கத்தக்க வரம்பு 250தான்.

வீட்டில் முதலில் தெரிவது பெரும்பாலும் உப்புக் கரிப்பு அல்ல. கடல் நீரின் சோடியம் களிமண்ணில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். தள்ளப்பட்ட கால்சியம் கிணற்றுக்கு முதலில் வந்துசேரும். சோப்பு நுரைக்கவில்லை, பாத்திரத்தில் வெள்ளை படிகிறது என்று புகார் திடீரென்று கூடினால் அப்போதே ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

மற்ற கேள்விகள்

இன்னும் ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?
கரையோரத்தில் பெரும்பாலும் உப்பைத் தேடிப் போவதாகத்தான் முடியும்.

திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் மட்டும் எப்படி நல்ல தண்ணீர்?
மணலில் இறங்கிய மழைநீர் கனமான உப்பு நீரின் மேலே மெல்லிய அடுக்காக நிற்கும். அதை மேலாக மொண்டால் கிடைக்கும், மோட்டார் வைத்து உறிஞ்சினால் போய்விடும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்ததே, உப்பு கழுவிப் போயிருக்காதா?
பெரும்பகுதி கடலுக்கு ஓடிய தண்ணீர் அது. மேல் மண் கழுவப்படும், ஆழத்து உப்பு ஒரு மழைக்கு அசையாது.

கெட்ட நிலத்தடி நீர் திரும்ப நல்லதாக எவ்வளவு காலம்?
சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 1960களின் கடைசியில் தெரியவந்த பிரச்சினை அரை நூற்றாண்டு கடந்தும் தீரவில்லை.

தடுத்து நிறுத்தவே முடியாதா?
கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் 1976 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் கரையோரக் கிணறுகளில் செலுத்திக் கடலைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பணமும் நிறையத் தண்ணீரும் வேண்டும்.

தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய் உதவுமா?
வெள்ளம் வரும் வருஷங்களில் குளங்கள் நிரம்பினால் உதவும். எவ்வளவு என்று சொல்ல மேலே கேட்ட மூன்று எண்களும் வேண்டும்.

கடல் மட்டம் உயர்வதுதான் காரணமா?
அதுவும் சேரும், இப்போதைக்கு மோட்டாரின் பங்கு பெரிது.

டிடிஎஸ் மீட்டர் வாங்கலாமா?
வாங்கலாம், ஆனால் ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறாமல் மாதம் ஒரு முறை ஒரே நேரத்தில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள்.

அளக்க வருகிறவர்கள் கிணற்றுக்கு வரி போடவா வருகிறார்கள்?
டேப்போடு வருகிறவர் அதற்கு வரவில்லை. மோட்டார் நிறுத்திய நேரத்தை அவரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.