முகமா, பேனாவா? 'டொக்டர் ஹூ' ரசிகர்களின் தீராத விவாதம்

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? பிரித்தானியாவின் பிபிசி தொலைக்காட்சி அதைச் செய்து காட்டியிருக்கிறது. 1963 நவம்பர் 23ஆம் திகதி அது ஒளிபரப்பத் தொடங்கிய 'டொக்டர் ஹூ' விஞ்ஞானக் கதைத் தொடர் 1989இல் நிறுத்தப்பட்டு, 2005இல் மீண்டும் உயிர் பெற்றது. நீல நிறப் பொலிஸ் தொலைபேசிப் பெட்டி போலத் தோன்றும் வாகனத்தில் காலத்தையும் அண்டவெளியையும் கடந்து செல்லும் வேற்றுக்கிரகவாசியே இதன் கதாநாயகர். அவரது உண்மைப் பெயர் பார்வையாளருக்குச் சொல்லப்படவில்லை. 'டொக்டர்' என்பதே அவருக்கான பெயர்.

முதல் டொக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் உடல்நலம் குன்றியபோது, 1966இல் ஓர் உபாயம் கையாளப்பட்டது. டொக்டர் மரணத்தை நெருங்கும்போது புதிய உடலைப் பெற்றுக்கொள்வார் என்பதே அது. இதனால் நடிகர்கள் மாறினாலும் கதை தொடர்ந்தது. ஆனால் திரைக்குப் பின்னால் மாறுகின்ற இன்னொருவரும் இருக்கிறார். கதையின் போக்கைத் தீர்மானிக்கும் தலைமை எழுத்தாளரும் தயாரிப்பாளருமான அவரை இன்று 'ஷோரன்னர்' என்கிறார்கள். ரசிகர்களின் சண்டை பெரும்பாலும் இவரைப் பற்றியதே.

முதற் பொறுப்பு ஒரு பெண்ணிடம்

இத்தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லம்பேர்ட். பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 27. அக்காலத்தில் பிபிசி நாடகப் பிரிவில் இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர் அவரே. முதற் கதையை இயக்கியவர் இந்தியாவின் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். ரொன் கிரெய்னர் அமைத்த ஆரம்ப இசைக்கு மின்னணு ஒலிகளால் உருவம் கொடுத்தவர் டெலியா டேர்பிஷயர் என்ற பெண்.

விசித்திர அரக்கர்கள் தொடரில் வேண்டாம் என்பது நாடகப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமனின் கட்டளை. அப்படியிருந்தும் 'டாலெக்' என்ற இயந்திர உடல் கொண்ட பகைவர்கள் வரும் கதையை லம்பேர்ட் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கதைதான் நாடெங்கும் பிரபலமாகித் தொடரை நிலைநிறுத்தியது. ஓர் இளம் பெண்ணின் உறுதி இல்லாதிருந்தால் இன்றைய விவாதத்துக்கே இடமிருந்திருக்காது.

விமர்சகரே பொறுப்பாளரானார்

ரசிகர்களின் விவாதத்தை வெறும் வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. அறுபதுகளின் அங்கங்கள் பலவற்றை பிபிசி அழித்துவிட்டது. ஆனால் ரசிகர்கள் வீடுகளில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்ததால், காட்சி கிடைக்காத அங்கங்களின் ஒலியேனும் இன்று நம்மிடம் இருக்கிறது.

1986இல் பிபிசியின் நிகழ்ச்சியொன்றில் தோன்றிய 16 வயது ரசிகர் ஒருவர், இத்தொடர் இன்னும் நன்றாக எழுதப்பட்டிருக்கலாம் என்று எழுத்தாளர்கள் முன்னிலையிலேயே குறை கூறினார். அவர் பெயர் கிறிஸ் சிப்னல். 2018 முதல் 2022 வரை அவரே தொடரின் பொறுப்பாளராக இருந்தார். அவருக்கு முன்னர் 2005 முதல் 2010 வரை ரசல் டி. டேவிஸும், பின்னர் 2017 வரை ஸ்டீவன் மொஃபட்டும் பொறுப்பு வகித்தனர். அவர்களும் சிறுவயதிலிருந்தே இதன் ரசிகர்கள்தான். டேவிஸின் கதைகளில் குடும்பப் பாசம் மேலோங்கியது என்பர் ஒரு சாரார். மொஃபட்டின் சிக்கலான கதைப் பின்னலே சிறந்தது என்பர் மறு சாரார். டொக்டரின் பூர்வீகத்தையே மாற்றியெழுதிய சிப்னலின் 2020ஆம் ஆண்டுக் கதை ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது.

பெண் டொக்டர் வந்தபோது

டொக்டர் ஒரு பெண்ணாக மாறலாம் என்று 1986இலேயே சிட்னி நியூமன் பிபிசிக்கு எழுதியிருந்தார். அது நிறைவேற முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 2017 ஜூலையில் ஜோடி விட்டேக்கர் தெரிவானதாக அறிவிக்கப்பட்டபோது, ஆண் பிள்ளைகள் தமக்கான ஒரு முன்மாதிரியை இழக்கிறார்களே என்று ஐந்தாவது டொக்டர் பீட்டர் டேவிசன் கவலைப்பட்டார். முன்மாதிரியாக இருப்பவர் ஆணா பெண்ணா என்பது முக்கியமா என்று ஆறாவது டொக்டர் கொலின் பேக்கர் மறுத்தார். 2018 ஒக்டோபரில் வெளியான அவரது முதல் அங்கத்தைப் பிரித்தானியாவில் ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் பேர் பார்த்தனர். பின்னர் பார்வையாளர் தொகை குறைந்தபோது, பெண் நடித்ததே காரணம் என்று சிலர் முடிவுகட்டினர். கதை எழுதப்பட்ட விதமே குறை என்றனர் வேறு சிலர். எழுத்தின் குறைக்கு நடித்த பெண் பழி சுமப்பது நியாயமா?

பேனா யாரிடம்?

இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. திரையில் தோன்றும் முகத்தைப் பற்றி எழுந்த ஆரவாரத்தில், பேனா யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி பலருக்குக் கேட்கவில்லை. மொஃபட்டின் காலத்தில் 2010 முதல் 2014 வரை வெளியான அங்கங்களில் ஒன்றைக்கூட ஒரு பெண் எழுதவில்லை. ரசிகைகள் இதைச் சுட்டிக்காட்டினர். 2015இல் கத்ரின் டிரெகென்னா, சாரா டொலார்ட் ஆகியோர் எழுதினர். 2018இல் மலோரி பிளக்மன் சிப்னலுடன் இணைந்து, ரோசா பார்க்ஸின் போராட்டத்தைக் கதையாக்கினார்.

ஆயினும் 2005இன் பின்னர் தலைமைப் பொறுப்பு டேவிஸ், மொஃபட், சிப்னல், 2023இல் மீண்டும் டேவிஸ் என்று ஆண்களிடமே கைமாறியது. ஒரு பெண் தொடங்கி வைத்த தொடருக்கு நேர்ந்தது இது! பெண்ணுக்கு மேடையில் இடம் கொடுப்பதை நாம் முன்னேற்றம் என்று பாராட்டுகிறோம். ஆனால் என்ன பேசவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அவள் அமர்ந்திருக்கிறாளா என்று கேட்பதில்லை.

லம்பேர்ட் 2007 நவம்பர் 22ஆம் திகதி காலமானார். அதே ஆண்டில் வெளியான ஓர் அங்கத்தில், மனிதனாக மாறியிருக்கும் டொக்டர் தன் பெற்றோரின் பெயர்களை சிட்னி, வெரிட்டி என்று கூறுவார். அது அழகான நன்றிக்கடன். அந்த நாற்காலியில் இன்னொரு பெண்ணை அமர்த்துவது அதனினும் மேலான நன்றியாக இருக்கும். நாமும் ஒரு தொடரைப் பார்த்து முடித்ததும், கடைசியில் ஓடும் பெயர்களைச் சற்றுப் பொறுமையுடன் வாசித்துப் பார்ப்போம்.